மாடி மீட்டர்

சென்னையில் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மார்கழி மாதம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, அயனம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றில் நின்று, ராத்திரி முழுக்க மொட்டைமாடித் தொட்டியில் கிடந்த தண்ணீரை ஒரு சொம்பு தலையில் ஊற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும். எங்களுக்கு ரூம் ஹீட்டர் கிடையாது, கம்பளிக் கோட்டு கிடையாது. எங்கள் பக்கம் குளிர்காலச் செலவு என்றால் ஒன்றே ஒன்றுதான், வெந்நீர். அந்த வெந்நீரை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணுக்கு நான் செய்த அநியாயத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எந்தப் பட்டன் கோணல், எங்கே நூல் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். இருபது வருஷமாக அதையே செய்த கண் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? "ஊட்டுக்கு வந்தாலாவது செக்கிங்கை நிறுத்தேம்மா" என்று என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். நிறுத்த மாட்டேன். சாம்பாரில் ஆரம்பித்து அவர் சட்டைக் காலர் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

கரண்ட் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். குளிர்காலம் வந்தால் ஃபிரிட்ஜின் திருகைக் குறைத்து வைப்பேன். இஸ்திரி ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில், வாரத்துக்கும் சேர்த்து. கீசரில் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. பாதி வீடுகளில் அதை யாரும் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். கொதிக்கக் கொதிக்கச் சுட வைத்து, அப்புறம் பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆற்றிக் குளிப்பார்கள். இது என்ன கூத்து? குறைத்து வைத்தால் கலக்காமலே குளிக்கலாமே. ஷவர் கூடாது, வாளிதான். பதினைந்து நிமிஷம் சுவிட்சைப் போடு, நிறுத்து, ஆறுவதற்குள் ஒருவர் பின் ஒருவராகக் குளித்து முடி. தலைக்குக் குளிப்பதாக இருந்தால் ஞாயிறு மத்தியானம் குளி, அப்போது தொட்டித் தண்ணீரை வெயிலே சுட வைத்துக் கொடுத்துவிடும். இதெல்லாம் நல்ல யோசனைகள்தான். இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்வேன்.

எங்கள் வீடு கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழே நானும் வீட்டுக்காரரும் இருக்கிறோம். பையன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். மேலே என் கொழுந்தனார், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகள். கொழுந்தனார் மனைவி எனக்கு ஓரகத்தி முறை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அதிர்ந்து பேசாதவள். நான் பேசுவதில் கால்வாசிகூடப் பேச மாட்டாள். அவள் மகளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். நான் அவளுக்குப் பெரியம்மா.

மாடி எழுப்பி மூன்று வருஷம் ஆகிறது. படிக்கட்டுக்கு இடம் இல்லாமல் கீழே இருந்த பழைய குளியலறையை இடித்துவிட்டு, பின்பக்கம் படிக்கட்டுச் சுவரை ஒட்டிப் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டோம். மாடிக்குத் தனி மீட்டர் வாங்கினோம். படிக்கட்டுக்கு அடியில் இரண்டு மீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எங்கள் தெருவில் எல்லாரும் செய்வதுதான். தனி மீட்டர் இருந்தால் இலவச யூனிட்டு இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகக் கிடைக்கும், யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்ற பேச்சும் வராது. அப்படித்தான் நினைத்தோம்.

முதல் குளிர்காலம் முடிந்து ரீடிங் எடுத்துவிட்டுப் போன சாயந்திரம், ஓரகத்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அவள் முகமே சரியில்லை. மாடி பில் ஒரேயடியாக ஏறியிருந்தது. என் பில்லோ மழைக்காலத்தை விடக் குறைவு. ஃபேன் ஓடாத மாதங்கள், குறையத்தானே செய்யும்?

"எப்படிக்கா? நீங்க கீசரே போடறதில்லியா?" என்று கேட்டாள்.

"தெனம் போடறேன். போடத் தெரிஞ்சு போடறேன்" என்றேன்.

இதை நான் சொன்ன தோரணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏதோ பட்டம் வாங்கியவள் போல. அன்றைக்கே மாடிக்குப் போய் என் செக்கிங்கை ஆரம்பித்தேன். திருகைக் குறைத்தேன். ஷவர் குழாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டினேன். நேரம் சொல்லிக் கொடுத்தேன். கம்பெனி வேனில் போகும்போது இந்தக் கதையைப் பக்கத்து சீட்டுக்காரிகளுக்கும் சொன்னேன். "ஒரே ஊடு, ஒரே கீசரு, ஆனா பில்லைப் பாருங்கடி" என்று பெருமை பீற்றிக்கொண்டேன்.

அடுத்த குளிர்காலமும் மாடி பில் ஏறித்தான் வந்தது. இப்போது எனக்குக் கோபமே வந்துவிட்டது. நான் இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் ஏறுகிறது என்றால், சொன்னதை யாரோ கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்? விசாரணை நடத்தினேன். கொழுந்தனார் அஞ்சு மணிக்குக் குளித்துவிட்டு ஷிப்ட்டுக்குப் போகிறார். ஓரகத்தி ஆறு மணிக்குக் குளிக்கிறாள். ஏழு மணிக்குக் கடைசியாகக் குளிப்பது பாப்பா. சுவிட்சை நிறுத்த வேண்டியவள் அவள்தான். அப்போது அவளுக்குப் பத்து வயசு. பத்து வயசுப் பிள்ளை பள்ளிக்கூட அவசரத்தில் மறக்காமல் இருக்குமா? என் கண்ணுக்குக் குறை கிடைத்துவிட்டது.

கீழே கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டேன்.

"நான் நிறுத்திட்டேன் பெரிம்மா."

"நிறுத்தினா மீட்டரு எதுக்கு ஓடுது? அதுக்கு இன்னா, காலா கீது?"

"நெஜமா நிறுத்திட்டேன் பெரிம்மா. தெனமும் நிறுத்திட்டுத்தான் போறேன்."

"பாரு பாப்பா, மறந்துட்டேன்னு சொல்லு, பரவால்ல. பொய் சொன்னா மட்டும் எனக்கு ஆவாது."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அழுத்தக்காரி என்று நினைத்தேன். ஓரகத்தியிடமும் அப்படியே சொன்னேன்: "தப்பைக்கூட மன்னிக்கலாம், இந்தப் பொய்யை மொளையிலயே கிள்ளணும்." எதையும் மூத்தவள் சொன்னால் கேட்டுக்கொள்கிற பெண் அவள். அந்த வாரமே ஒரு நாள் காலையில் மேலே பளாரென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்கப்புறம் பாப்பா தேம்பும் சத்தம். நான் கீழே தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த தோசையை ஊற்றினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் பாப்பா என்னிடம் வந்து, "பெரிம்மா, நான் இனிமே வெந்நீர்ல குளிக்க மாட்டேன். எனக்குப் பச்சைத் தண்ணிதான் பிடிக்குது" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கன்னத்தைத் தட்டி, "சமர்த்து" என்றேன். அடுத்த பில் கொஞ்சம் குறைந்தது. அவள் ஒருத்தியின் வெந்நீர் நின்றால் அவ்வளவு குறையத்தானே வேண்டும்? எனக்கு அந்தக் கணக்கு தோன்றவில்லை. "பார்த்தியா, நான் சொன்னேன்ல?" என்று ஓரகத்தியிடம் மார்தட்டினேன். அன்றையிலிருந்து அந்தப் பெண் எங்கள் வீட்டில் பொய் சொல்கிற பெண் ஆகிவிட்டாள். பென்சில் தொலைந்தாலும் அவள்தான், பால் பொங்கினாலும் அவள்தான். "நீதான் நிறுத்திட்டேன்னு சொல்ற ஆளாச்சே" என்று கொழுந்தனார்கூட விளையாட்டுக்குச் சொல்வார். அவள் சிரிக்க மாட்டாள்.

போன மார்கழியில் அரையாண்டு லீவுக்கு மாடியில் மூன்று பேரும் விழுப்புரம் கிளம்பினார்கள். முந்தைய வருஷங்களில் கோடை லீவுக்குத்தான் போவார்கள், ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். இந்தத் தடவை நான்தான் அதிகாரம் பண்ணினேன். "ஊட்டைப் பூட்டினு போறீங்க, மெயினையும் இறக்கிட்டுப் போங்க. ஃபிரிட்ஜைக் காலி பண்ணு." ஓரகத்தி பாலையும் மாவையும் என்னிடம் கொடுத்தாள், கொழுந்தனார் படிக்கட்டுக்கு அடியில் மாடி மெயினை இறக்கினார், மாடிச் சாவி என் கைக்கு வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. விடியற்காலை கீசர் சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. குளியலறை லைட்டு ஜம்மென்று எரிகிறது, கீசர் மட்டும் செத்துக் கிடக்கிறது. ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். சரி, ஒரு நாள்தானே என்று சொம்பை எடுத்துத் தலையில் ஊற்றினேன்.

ஐயோ அம்மா! மூச்சே நின்றுவிட்டது. இரண்டாவது சொம்பை எடுக்கக் கை வரவில்லை. பல் கிடுகிடுவென்று ஆடுகிறது. அரைகுறையாக ஊற்றிக்கொண்டு வெளியே ஓடி வந்து துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது, இது எப்படி அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. வேன் ஹாரன் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருக்கோடி வயர்மேன் தம்பியைக் கூப்பிட்டேன். "காயில் போயிருக்கும், புதுசா வாங்கியாந்து மாட்டிடு" என்று வைத்தியத்தையும் நானே சொல்லிவிட்டேன். அவன் கேட்டுக்கொள்ளவில்லை. டெஸ்டரை வைத்துப் பார்த்தான்.

"அக்கா, காயிலைத் தொட வாணாம். பாயிண்டுக்கே கரண்ட் வர்ல."

"லைட்டு எரியுதேப்பா?"

"லைட்டு வேற லைனுக்கா. இது தனியா வருது." சுவரில் குழாய் போகும் வழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே படிக்கட்டுக்கு அடியில் போனான். "மேல யாரும் இல்லியா? மெயினு இறக்கிக் கீது?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

அவன் மாடி மெயினை ஏற்றினான். "இப்பப் போய் உங்க கீசரைப் பாருங்க."

போனேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இறக்கு" என்று கத்தினேன். இறக்கினான், அணைந்தது. "ஏத்து." எரிந்தது. மூன்று தடவை அப்படிச் செய்ய வைத்தேன். நாலாவது தடவை அவனே வந்து வாசற்படியில் நின்றான். "அக்கா, எத்தினி தபா போட்டாலும் அதேதான். உங்க கீசரு மாடி மீட்டர்ல ஓடிகினு கீது. கட்டும்போதே இப்டி குடுத்துட்டாங்க."

யார் கொடுத்தார்கள்? நான்தான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நிமிஷமே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. புதுக் குளியலறை கட்டியபோது அப்போதைய வயர்மேன் பெரியவர், கீசருக்குக் கீழ் போர்டிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும், நடு ரூம் சுவரை வெட்ட வேண்டும் என்றார். நான் விடவில்லை. "பூசின சுவத்தை எதுக்கு வெட்டறே? அத்தினி நீளம் வயரு எதுக்கு? கிட்டத்துல எந்த லைன் கீதோ அதுல குடு" என்று சத்தம் போட்டேன். கிட்டத்தில் இருந்தது படிக்கட்டுச் சுவரில் மாடிக்கு ஏறும் லைன். அவர் கொடுத்துவிட்டார். பத்துப் பதினைந்து மீட்டர் வயரை மிச்சம் பிடித்தவள் நான்.

உட்கார்ந்துவிட்டேன். மூன்று குளிர்காலம், தினமும் இரண்டு பேர் குளித்த வெந்நீர், அவர்கள் தலையில். அதற்கு மேலே அவர்களுக்கே பாடம் நடத்தியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் டீயோடு வந்தார். விஷயத்தைக் கேட்டவர் நிதானமாக ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "இப்ப இன்னா ஆயிப்போச்சு? அவங்க வர்றதுக்குள்ள வயரை மாத்திட்டா முடிஞ்சிச்சு. யாருக்குத் தெரியப் போவுது?"

நான் யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எனக்கு அந்தப் பேச்சு தேனாக இருந்தது. அடுத்த வருஷம் மாடி பில் தானாகக் குறையும், "பார்த்தியா, கடைசியில என் வழிக்கு வந்துட்டே" என்று அதற்கும் நானே பேர் வாங்கிக்கொள்ளலாம். இதைக்கூட நினைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "சரி, மாத்திடுப்பா" என்று என் வாயால்தான் சொன்னேன்.

"மேல போர்டுலதான் பிரிக்கணும்கா, தொறந்து விடுங்க" என்றான் வயர்மேன். சாவியை எடுத்துக்கொண்டு அவனோடு மேலே போனேன்.

மாடிக் குளியலறைக்கு வெளியே, கீசர் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. மளிகைக் கடையில் இனாமாகக் கொடுப்பது. அதற்கு முந்தின வருஷத்துக் காலண்டர், டிசம்பர் மாதத் தாளோடு நின்றிருந்தது. எடுத்துப் போடாமல் விட்டிருக்கிறாளே என்று என் கண் வழக்கம்போல் குறைக்குத்தான் போனது. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் பொடிப் பொடியாக எழுதியிருந்தது. "7.10 நிறுத்திட்டேன்." "7.05 நிறுத்திட்டேன்." "7.10 நிறுத்திட்டேன். படி எறங்கிட்டு திரும்ப வந்து பாத்தேன்." "நிறுத்திட்டேன், ரெண்டு தடவ பாத்தேன்." பாப்பாவின் கையெழுத்து. ஒரு நாள்கூட விடவில்லை. தாளைப் புரட்டினேன். பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஜனவரியையும் அவளே எழுதியிருந்தாள். பொங்கலுக்கு அடுத்த வாரம் வரைக்கும் இப்படியே. அப்புறம் ஒரு கட்டத்தில், "இனிமே பச்ச தண்ணி." அதற்குப் பிறகு எல்லாம் வெறும் கட்டம்.

"யாருக்கா இது, ஈபி ஆபீசு மாதிரி எழுதி வச்சிருக்காங்க?" என்று சிரித்தான் வயர்மேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

சாட்சிக்கு ஆகும் என்று அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் செய்து பார்த்திருக்கிறாள். அதை யாரும் வாசிக்கவில்லை. அவள் அம்மாவுக்குக்கூட அது ஏதோ கிறுக்கல் என்றுதான் பட்டிருக்கும். நான் எத்தனை தடவை இந்தச் சுவிட்சை வந்து சோதித்திருக்கிறேன், பக்கத்திலிருந்ததைப் பார்க்கவில்லையே. என்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

"தம்பி, வயரைத் தொடாதே. மாடி மெயினையும் இறக்கியே வச்சுடு. அப்டியே கெடக்கட்டும். அவங்க வரட்டும்" என்றேன்.

கீழே வந்ததும் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "உனக்கு இன்னா பைத்தியமா? நீயே போய் மாட்டிக்கிறியே. அவன் முகத்துல நான் எப்டி முழிப்பேன்?"

"உன் மொகமும் என் மொகமும் ரெண்டு நாள்ல சரியாப்பூடும்யா. நான் சொல்லாம வுட்டா அது ஆயுசுக்கும் பொய்க்காரியாவே இருக்கும்" என்றேன். மறுநாள் குளிக்க எனக்கு முன்னால் அவரே பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார், பாவம், ஒரு முணுமுணுப்பு இல்லாமல்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தார்கள். பையை இறக்கி வைக்கக்கூட விடவில்லை. பாப்பா என்னிடம் மாடிச் சாவியை வாங்கிக்கொண்டு ஒரு பையோடு மேலே ஏறிப் போய்விட்டாள். கொழுந்தனாரையும் ஓரகத்தியையும் படிக்கட்டுக்கு அடியில் நிற்க வைத்து, மாடி மெயினை ஏற்றி இறக்கிக் காட்டினேன். பெரியவர் சொன்னது, நான் சத்தம் போட்டது, எல்லாவற்றையும் சொன்னேன்.

கொழுந்தனார் சிரித்துவிட்டார். "அட, வுடுங்க அண்ணி. நம்ம ஊட்டுத் தண்ணிதானே, நம்ம ஊட்டுக் கரண்ட்டுதானே."

ஓரகத்தி சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்தாள். "நான் அடிச்சேன்கா" என்றாள். "பொய் சொல்றியான்னு கேட்டு அடிச்சேன்." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பதின்மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. அன்றைக்கு உயர்த்தினாள். "நீங்க சொன்னீங்கன்னுதான் அடிச்சேன். நீங்க சொன்னா சரியா இருக்கும்னு அடிச்சேன். எம் பொண்ணு சொன்னதை நான் நம்பல, உங்களை நம்புனேன். ஒரு வருஷமா, இந்த மார்கழிக் குளுருலயும், அது பல்லைக் கடிச்சிகிட்டு குளிக்குதுக்கா!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தப்பு என்னுதுதான், என்னை மன்னிச்சுடும்மா" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

ஏறிப் போனேன். அந்தப் பதினாறு படியும் எனக்கு மலையாக இருந்தது. பதினோரு வயசுப் பிள்ளையின் முன்னால் போய் நிற்க இவ்வளவு பயம் வரும் என்று யாராவது முன்னாடி சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பாப்பா கட்டிலில் உட்கார்ந்து ஊரிலிருந்து கொண்டுவந்த கொய்யாப்பழங்களைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வது போல் சுற்றி வளைக்காமல் சொன்னேன். என் கீசர் உங்கள் மீட்டரில் ஓடியது. வயரைத் தப்பாகக் கொடுக்க வைத்தது நான். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. நீ பொய் சொல்லவே இல்லை.

அவள் கையிலிருந்த கொய்யாவைக் கட்டிலில் வைத்தாள். "நெஜமாவா பெரிம்மா?"

"சத்தியமா, கண்ணு."

"எனக்கே டவுட்டு வந்துடுச்சு பெரிம்மா" என்றாள். "நிறுத்துன மாதிரி ஞாபகம் இருக்கும். ஆனா எல்லாரும் சொல்றாங்களே, நாமதான் நிறுத்தலையோன்னு. கிளாஸ்ல உக்காந்துனே யோசிப்பேன். நிறுத்தாம வந்துட்டு, நிறுத்திட்டேன்னு எழுதிட்டேனோன்னு."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். கம்பெனியில் ஒரு சட்டையைத் தப்பாகத் தள்ளிவிட்டால் மறுபடி எடுத்துப் பார்த்து முத்திரை குத்தி அனுப்பலாம். இது அப்படியா? ஒரு பிள்ளை தன் கை செய்ததைத் தானே நம்பாமல் போகும்படி பண்ணிவிட்டேன். அவள் என் முதுகில் கை வைத்து, "பரவால்ல பெரிம்மா, அழாதீங்க" என்றாள். அதுதான் இன்னும் தாங்கவில்லை. பிறகு, "அப்ப நான் இப்போ வெந்நீர்ல குளிக்கலாமா? பஸ்ல ஒரே தூசி" என்று கேட்டாள். நானே போய்ச் சுவிட்சைப் போட்டேன். ஷவரில் நான் கட்டிய பிளாஸ்டிக் பையையும் அவிழ்த்தேன்.

அந்த வாரமே நடு ரூம் சுவரை வெட்டி, கீழ் போர்டிலிருந்து என் கீசருக்கு வயர் இழுத்தோம். வீடெல்லாம் சிமெண்ட் தூசி. மாடியின் அடுத்த பில்லை நான் கட்டினேன். கொழுந்தனார் வேண்டாம் என்றார், ஓரகத்தி "கட்டட்டும்" என்றாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஒரு மாதம் போல அவள் என்னிடம் அளந்துதான் பேசினாள். வேனில் என் பக்கத்து சீட்டுக்காரிகளிடம் நான் முழுக் கதையையும் சொன்னேன். ஒரு வாரம் என்னைக் கிண்டல் பண்ணியே கொன்றார்கள். "அடுத்தவன் மீட்டர்ல எப்டிக்கா சிக்கனமா குளிக்கிறது? எங்களுக்கும் சொல்லிக் குடேன்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வாங்கிக்கொண்டேன்.

என் சொந்த மீட்டரில் என் கீசர் ஓடிய முதல் பில் வந்தபோது நெஞ்சு பகீரென்றது. பதினைந்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் என்று ஊருக்கெல்லாம் சொன்னேனே, கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் நானே அரை மணிக்கு மேல் போட்டு வைத்திருக்கிறேன். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கோலம் போடப் போவேன், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேச ஆரம்பித்தால் அவ்வளவுதான். சிக்கனம் என்றால் என்ன என்று ஐம்பது வயசுக்குப் பக்கத்தில் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். ஒருநாள் ஓரகத்தி தானாகவே வந்து, "மொட்டைமாடியில ஒரு டிரம்மை வச்சா என்னக்கா?" என்றாள். கொழுந்தனார் ஒரு பழைய டிரம்மைக் கொண்டுவந்து கழுவி, வெளிப்பக்கம் கறுப்புப் பெயின்ட் அடித்து வெயிலில் வைத்தார். குளிர்காலத்திலும் எங்கள் ஊர் வெயிலுக்கு என்ன குறை? நாலு மணிக்கெல்லாம் தண்ணீர் இதமாகச் சுட்டிருக்கும். அதில் குழாய் வைத்துக் கீழுக்கும் மேலுக்கும் விட்டோம். சாயந்திரம் வேலை விட்டு வந்து நான் அதில் குளிக்கிறேன். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் குளித்துவிடுவாள், மிச்சம்தான் எங்களுக்கு.

காலைக் குளியலை மட்டும் வீட்டுக்காரரால் விட முடியவில்லை. அவருக்காகக் கீசரைப் போட்டு நிறுத்துவது என் வேலை. பாப்பா பள்ளிக்கூட வேனுக்குப் படி இறங்கும்போது தினமும் என் வாசலில் ஒரு நிமிஷம் நிற்பாள். முதல் நாள் அவள் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"பெரிம்மா, கீசரை நிறுத்திட்டீங்களா?"

குரலில் குத்தல் இல்லை. சும்மாதான் கேட்டாள். மீட்டர் அவளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கையை நீட்டினால் தொடலாம். குனிந்து பார்த்தால் கீசர் ஓடுகிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"நிறுத்திட்டேன், பாப்பா" என்றேன்.

"சரி பெரிம்மா" என்றாள். மீட்டர் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் சொன்னதை நம்பிக்கொண்டு வேனுக்கு ஓடினாள்.